மதியக் கச்சேரிக்கும் டிக்கெட் வையுங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மதியம். பன்னிரண்டு மணிக் கச்சேரி முடிந்து, மேடையில் அடுத்த குழுவுக்காக மைக் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நான் பக்கத்து அறையில், கச்சேரிகள் நடத்தும் எங்கள் சங்கீத சபாவின் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயலின் வாசித்த பெண் உள்ளே வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். முந்தைய இரவு கும்பகோணத்தில் பஸ் ஏறி, விடியற்காலையில் சென்னையில் இறங்கி, சித்தி வீட்டில் குளித்துவிட்டு நேராக மேடைக்கு வந்தவள். வவுச்சரில் கையெழுத்துப் போட்டுக் கவரை வாங்கிக்கொண்டாள். பிரித்துப் பார்க்கவில்லை. "அம்மா, அடுத்த வருடமும் கூப்பிடுவீர்களா?" என்று மட்டும் கேட்டாள்.

கவரில் ஆயிரம் ரூபாய் இருந்தது. அதை எண்ணி வைத்தவள் நான்தான். போக வர பஸ், ஆட்டோ, புடவைக்கு இஸ்திரி, வயலினுக்குப் புதுத் தந்தி எல்லாம் போக அந்தப் பெண்ணுக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று அன்று முழுக்க மனத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதைவிட என்னை உறுத்தியது அதே பக்கத்தில் நான்கு வரிக்கு மேலே இருந்த இன்னொரு பதிவு. அன்று பாடிய இளைஞனின் அப்பா கொடுத்த காசோலை. 'நன்கொடை' என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். மகனுக்கு மேடை கிடைக்க அப்பா கட்டிய பணம் அது.

சபாவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இது ஒரு சபாவின் குற்றம் மட்டும் அல்ல என்பது கச்சேரி வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தொரு வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எட்டு வருடமாகச் சம்பளம் வாங்காமல் இந்தக் கணக்கை எழுதுகிறேன். சென்னையின் டிசம்பர் சீசன், அதாவது மார்கழிக் கச்சேரி விழா, பணத்தட்டுப்பாட்டில் தள்ளாடுகிறது, ஸ்பான்சர்கள் குறைந்துவிட்டார்கள், இப்படியே போனால் சின்ன சபாக்கள் மூடவேண்டியதுதான் என்று ஒவ்வொரு வருடமும் பேச்சு எழுகிறது. தட்டுப்பாடு உண்மை. ஆனால் அதற்கு ஸ்பான்சர்களைத் தேடி அலைவது மட்டும்தான் வழி என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. கச்சேரி கேட்பவர் பணம் கொடுக்கவேண்டும், பாடுபவர் கொடுக்கக்கூடாது. தலைகீழாகப் போன இந்த ஏற்பாட்டை நிமிர்த்தினால் சீசன் பிழைக்கும்.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்தது மியூசிக் அகாடமி. அதற்கும் முன்பே, 1900 முதல் இயங்கிவரும் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா இருக்கிறது. 1943இல் தமிழ்ப் பாட்டுக்கு மேடை வேண்டும் என்று கிளம்பியது தமிழ் இசைச் சங்கம். இவற்றோடு மயிலாப்பூர், தியாகராய நகர், நங்கநல்லூர், குரோம்பேட்டை என்று சபாக்கள் பெருகி, இன்று ஒரு சீசனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் நடக்கின்றன. இவ்வளவு பெரிய விழாவுக்கு ஒரு தலைமை இல்லை, பொதுவான ஒரு கல்லாப்பெட்டி இல்லை. ஒவ்வொரு சபாவும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது. சொந்தக் கட்டடம் உள்ளவர்கள் ஒருவாறு தாக்குப்பிடிக்கிறார்கள். பள்ளிக்கூட அரங்கத்தையும் கல்யாண மண்டபத்தையும் வாடகைக்கு எடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் கழுத்தில் கத்தி.

பணம் எங்கே கரைந்தது என்பதற்கு என் நோட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சீசன் நோட்டீசில் 'இன்னாரின் நினைவுக் கச்சேரி' என்று பார்த்திருப்பீர்கள். ஒரு குடும்பம் அப்பா நினைவாகவோ மாமியார் நினைவாகவோ ஒரு தொகையைச் சபாவிடம் கொடுக்கும். அதை வங்கியில் வைப்பாகப் போட்டு, வரும் வட்டியில் வருடத்துக்கு ஒரு கச்சேரி நடத்தவேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் வைப்புத் தொகைக்கு 12 சதவீதம் வரை வட்டி கிடைத்தது. அந்த வட்டி விகிதத்தை என் கையாலேயே பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு லட்சம் கொடுத்தால் பன்னிரண்டாயிரம் வரும். அன்றைக்கு அது மூன்று கலைஞர்களுக்கும் மைக்குக்கும் மண்டபத்துக்கும் போதும். இன்று அதே லட்சத்துக்கு ஏழாயிரம் கிடைத்தால் பெரிது. மண்டப வாடகை மட்டும் அதைத் தாண்டுகிறது. ஆனால் நினைவுக் கச்சேரியை நிறுத்த முடியாது, வாக்குக் கொடுத்தாயிற்று. அந்தப் பள்ளத்தை எங்கே நிரப்பினார்கள்? வயலின்காரரின் கவரில்தான்.

இதற்கு நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். போன சித்திரையில், எங்களிடம் நினைவு நிதி வைத்திருக்கும் பதினான்கு குடும்பங்களுக்கும் கையால் கடிதம் எழுதினேன். உங்கள் தாத்தா கொடுத்த தொகை இது, அன்றைய வட்டி இது, இன்றைய வட்டி இது, போன வருடக் கச்சேரிக்கு ஆன செலவு இது என்று நான்கே வரி. ஐந்து கடிதங்கள் முகவரி மாறித் திரும்பி வந்தன. இரண்டு குடும்பங்கள் பதில் போடவில்லை. மீதி ஏழு குடும்பங்கள் மூலதனத்தைக் கூட்டிக் கொடுத்தன. ஒரு பேத்தி, "இந்தக் கணக்கை இத்தனை வருடமாக எங்களிடம் யாரும் சொன்னதே இல்லையே?" என்று தொலைபேசியில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வெளிப்படையாகக் கேட்டால் மனிதர்கள் கொடுக்கிறார்கள். நாம்தான் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, மேடைக்கு ஏங்கும் பிள்ளைகளிடம் கை நீட்டுகிறோம்.

இனி டிக்கெட் விஷயம். காலையிலும் மதியத்திலும் இலவசம், மாலை பெரிய வித்வான் கச்சேரிக்கு மட்டும் டிக்கெட் என்பது பல சபாக்களில் ஊறிப்போன வழக்கம். வளரும் பிள்ளைகளுக்குக் கூட்டம் வரட்டும் என்ற நல்ல எண்ணத்தில் தொடங்கியிருப்பார்கள். நடந்தது வேறு. காசு கொடுக்காமல் வந்தவர் பல்லவி பாதியில் எழுந்து போகிறார். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நாற்காலிகள் மடங்கும் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்கிறது. மிருதங்கக்காரர் தலையைக் குனிந்துகொண்டு முடிவுக் கோர்வையை வாசித்து முடிக்கிறார். அப்படி எழுந்து போனவர்கள் கேன்டீன் பந்தியில் நானூறு ஐந்நூறு ரூபாய் இலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள். சாப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. அடுப்படியில் வேகிறவர்களுக்கு அந்த விலை நியாயமானது. நியாயம் மேடையில் உட்கார்ந்தவருக்கும் உண்டு என்கிறேன்.

போன மார்கழியில் நிர்வாகக் குழுவிடம் மன்றாடி, ஐந்து மதியங்களுக்கு மட்டும் நூறு ரூபாய் டிக்கெட் வைக்கச் சம்மதம் வாங்கினேன். மாணவர்களுக்கு அடையாள அட்டை காட்டினால் இலவசம். வசூல் முழுவதும் அன்றைய கலைஞர்களுக்கே என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். முதல் நாள் கவுண்டரில் நானே உட்கார்ந்தேன். ஒரு பெரியவர், "முப்பது வருடமாக இங்கே மதியக் கச்சேரி கேட்கிறேன். ஒருநாள்கூட யாரும் காசு கேட்டதில்லை" என்று கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார். அந்த வாரம் முழுக்க அவர் வரவில்லை. எனக்கு அது இன்னும் வருத்தம்தான். ஆனால் ஐந்து நாளில் 187 டிக்கெட் விற்றது. 18,700 ரூபாய். பாடியவர், வயலின், மிருதங்கம் மூவருக்கும் வழக்கமான கவரோடு ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் சொச்சம் கூடுதலாகக் கிடைத்தது. சின்னத் தொகைதான். கேட்டவர்கள் கொடுத்த பணம் என்பதால் அதை வாங்கிய கைகள் வேறு மாதிரி வாங்கின. பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

டிக்கெட் வைத்தால் வரி வந்து கழுத்தை நெரிக்கும் என்று குழுவில் ஒருவர் பயமுறுத்தினார். 500 ரூபாய் வரையிலான கச்சேரி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அது தெரியாமலேயே பல சபாக்கள் தயங்கி நிற்கின்றன.

அடுத்தது, எண்ணிக்கை. ஒரே வித்வான் ஒரே சீசனில் ஏழு எட்டு சபாக்களில் பாடுகிறார். ஒன்றில் டிக்கெட், இன்னொன்றில் இலவசம். ரசிகர் எதற்குப் போவார்? நம் கச்சேரிகளே நம் டிக்கெட்டின் விலையைக் குறைக்கின்றன. நான்கு தெருவுக்குள் நான்கு சபாக்கள் ஒரே மாலையில் நான்கு மண்டபங்களுக்கு வாடகை கட்டி, நான்கு மைக் செட் வைத்து, ஒவ்வொன்றிலும் பாதி அரங்கம் காலியாகக் கிடப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். இரண்டிரண்டு சபாக்கள் சேர்ந்து ஒரு மண்டபத்தை எடுத்து, நாட்களைப் பிரித்துக்கொண்டால் வாடகையும் மைக் செலவும் பாதியாகும். நோட்டீஸ் அடிக்கும் செலவும் குறையும். கச்சேரிகள் குறையுமே, பிள்ளைகளுக்கு மேடை போகுமே என்று கேட்பார்கள். பெரியவர்கள் ஆளுக்கு மூன்று சபாக்களோடு நிறுத்திக்கொண்டால் அந்த இடங்கள் பிள்ளைகளுக்குத்தானே வரும்? இதைப் பெரியவர்களிடமே நேரில் கேட்கவேண்டும். அவர்களில் பலர் சம்மதிப்பார்கள் என்று நம்புகிறேன்.

சேர்வதா, எங்கள் சபாவின் கௌரவம் என்னாவது என்பவர்களுக்குத் திருவையாற்றை நினைவூட்டுகிறேன். தியாகராஜர் ஆராதனை ஒரு காலத்தில் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து நடந்தது. பெண்கள் பாட இடம் தராததால் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் பெண்களுக்கென்று தனி விழா நடத்தினார். சிதைந்து கிடந்த தியாகராஜர் சமாதிக்கு நிலம் வாங்கி, தன் சம்பாத்தியத்தைப் போட்டுக் கோயில் எழுப்பி, 1920களில் குடமுழுக்கு நடத்தியவர் அந்த அம்மாள். பாட இடம் மறுத்தவர்களைவிடக் கோபப்பட அவருக்குத்தான் உரிமை அதிகம் இருந்தது. ஆனாலும் 1940வாக்கில் எல்லாத் தரப்பும் ஒன்றாயின. நம் காலத்திலேயே 2020இல், கொரோனா அரங்கங்களைப் பூட்டியபோது, நகரச் சபாக்களின் கூட்டமைப்பு ஒன்றுசேர்ந்து இணைய வழியில் சீசனை நடத்தியது. வீட்டிலிருந்தே பணம் கட்டிக் கேட்டார்கள். முடியும் என்று ஒருமுறை காட்டியவர்கள் அரங்கம் திறந்ததும் பழையபடி தனித்தனிக் கடை விரித்தோம்.

ஸ்பான்சர்களை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகக் கேட்கவேண்டும் என்கிறேன். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடவேண்டும். கலை, பண்பாடு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை வாங்க 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகளும், இந்தச் சமூகப் பணி நிதியைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும், தணிக்கை செய்த கணக்கு வேண்டும். எங்கள் சபாவில் 80ஜி புதுப்பிக்காமல் இரண்டு வருடம் கிடந்தது. ஒரு நிறுவனத்தார் கேட்டு வந்து, தாள் இல்லை என்று திரும்பிப் போனார்கள். புதுப்பிக்க எனக்கு ஆனது ஒரு மாத அலைச்சல். எத்தனை சபாக்களில் இந்தத் தாள் இல்லாமல் பணம் வாசலோடு போகிறதோ!

இலவசத்தை எடுத்தால் ஏழைகள் எங்கே போவார்கள் என்ற கேள்வி வரும். வரவேண்டிய கேள்விதான். அதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால், இலவசமாக இருந்த இத்தனை வருடங்களிலும் ஏழைகள் எங்கள் அரங்கத்துக்கு வரவில்லை. நூறு ரூபாய் அவர்களைத் தடுக்கவில்லை, நாம் அழைக்காததுதான் தடுத்தது. 2015இல் பெசன்ட் நகரில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்களோடு சேர்ந்து தொடங்கிய விழா, பலரின் சிறு நன்கொடைகளில், இலவசமாகவே நடந்தது. கடற்கரையோரம், அந்த ஊர்க்காரர்களின் விழாவாக நடந்ததால் அந்த இலவசத்துக்குப் பொருள் இருந்தது. எங்கள் குளிர்பதன அரங்கத்தில் வசதியுள்ளவர் இலவசமாக உட்காருவதை ஏழைகளின் பெயரால் காப்பாற்றக்கூடாது.

எங்கள் சபாவின் பொதுக்குழு ஆடி மாதக் கடைசி ஞாயிறு கூடுகிறது. மூன்று தீர்மானங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேடை ஏறுபவரிடமோ அவர் குடும்பத்திடமோ அந்த வருடம் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை. எல்லா மதியக் கச்சேரிக்கும் டிக்கெட், வசூல் முழுவதும் கலைஞர்களுக்கு. வருடக் கணக்கு முழுவதும், யாருக்கு எவ்வளவு கவர் என்பது உட்பட, அரங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். முன்மொழிவது நான். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வழிமொழிய ஆள் கிடைத்துவிட்டது. முதலாவதுக்கு இன்னும் இல்லை. என்னைத் தெரிந்த உறுப்பினர்கள் யாராவது இதைப் படித்தால், வெள்ளிக்கிழமைக்குள் என்னைக் கூப்பிடுங்கள்.