சி.ஆர்.பி. கூடினால் மனச்சோர்வா?
"சி.ஆர்.பி. பார்த்தால் மனச்சோர்வைப் பிடித்துவிடலாம்" என்று ஒரு கட்டுரையில் வருவது பிழை. சி.ஆர்.பி. என்பது உடம்பில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் கூடும் ஒரு புரதம். வன்னியில் காலபோக வயலுக்குள் இறங்கி எலிக்காய்ச்சல் வந்தவருக்கும், கால் புண்ணில் சீழ் வைத்தவருக்கும் அது ஏறும். லீற்றருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் முதலில் கிருமித்தொற்றைத்தான் தேட வேண்டும். அது ஆறியபின், இரண்டு கிழமையாவது விட்டுத் திரும்பவும் பார்க்க வேண்டும். அழற்சிக்குப் பங்கே இல்லையென்று சொல்லவில்லை. ஈரல் அழற்சி சி-க்கு அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரோன் ஊசி போட்டவர்களில் கணிசமானோர் மனச்சோர்வில் விழுந்தது தெரிந்த விஷயம். ஆனால் வழமையான குளிசைகளுக்கு மசியாத மனச்சோர்வுள்ள 60 பேரிடம் இன்ஃப்ளிக்சிமாப் என்ற அழற்சியடக்கும் மருந்தைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில் மொத்தத்தில் பயனில்லை, சி.ஆர்.பி. 5இற்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் முன்னேற்றத்தின் சாயல். சிலர் சொல்வதுபோல், அழற்சியைக் குறைக்குமென்று மஞ்சள்பாலை நம்பி மனச்சோர்வுக் குளிசையைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, பதற்றம், நித்திரைக் குழப்பம் வரலாம், நோயும் திரும்பலாம்.