அஸ்தம்பட்டி அலுவலகக் கோபுரமும் மலைப்பகுதி விதியும்: உண்மை என்ன?

சேலத்தின் அஸ்தம்பட்டியில் கட்டப்போவதாகச் சொல்லப்படும் அலுவலகக் கோபுரம் பற்றி, "ஏற்காட்டு மலை விதி சேலம் நகருக்கும் பொருந்தும், 5 மாடிக்கு மேல் தடை" என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றி வருகிறது. இது தவறு.

மலை விதி என்று சொல்லப்படுவது, மலைப்பகுதிகளில் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் (HACA) கட்டுப்பாடு. அது அரசாணையில் பெயர் குறிக்கப்பட்ட கிராமங்களுக்கே உரியது. சேலத்தின் கோரிமேட்டில் நின்றால், ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரிவது உண்மைதான் என்றாலும், கண்ணுக்குத் தெரியும் தொலைவு சட்டத்தின் எல்லையாகிவிடாது.

மாடிக் கணக்கும் குழப்பமே. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 எண்ணுவது மாடிகளை அல்ல, உயரத்தை. 18.30 மீட்டரைத் தாண்டினால் அது 'உயரமான கட்டடம்'. அதற்குத் தடையில்லை, நிபந்தனைகள் கூடுகின்றன. குறைந்தது 12 மீட்டர் அகலச் சாலை வேண்டும். 30 மீட்டர் உயரம் வரை கட்டடத்தைச் சுற்றி 7 மீட்டர் காலியிடம் விட வேண்டும். தீயணைப்பு வண்டி திரும்ப இடம் வேண்டுமல்லவா? தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் கட்டாயம்.

ஆகவே, கோபுரத்தை எதிர்ப்பவர்கள் கேட்க வேண்டியது மலை விதியை அல்ல. மனையின் முன்னுள்ள சாலையின் அளவை.