"கைமாற்றப்பட்டன" என்றால், யார் மாற்றினார்கள்?

சுயேச்சையாக ஓர் இணைய ஆய்விதழ் நடத்துகிறேன் என்றதும் பலரும் கேட்பது இதுதான்: "ஆய்வாளர்களுக்கா, பொதுவாசகர்களுக்கா?" இரண்டு பேருக்கும் என்றால் நம்ப மாட்டார்கள். பொதுவாசகரை உள்ளே விட்டால் தரம் நீர்த்துப்போகும் என்பார்கள். நான் கண்டது நேர் எதிர்.

நில உரிமை பற்றி ஒரு கட்டுரை வந்தது. துறை வல்லுநர்களான மதிப்பாய்வாளர்கள் இருவரும் சிறு திருத்தங்களோடு வெளியிடலாம் என்று எழுதிவிட்டார்கள். எங்கள் வழக்கப்படி, அந்தத் துறைக்குத் தொடர்பில்லாத ஒருவரிடமும் படிக்கக் கொடுத்தோம். அவர் ஒரே ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டு அனுப்பினார். "இக்காலகட்டத்தில் நிலங்கள் பெருமளவில் கைமாற்றப்பட்டன." பக்கத்தில் அவர் எழுதியிருந்தது: "யார் மாற்றினார்கள்? விற்றார்களா, பிடுங்கினார்களா?"

நானும் அந்த வரியை மூன்று முறை படித்தவன்தான். எனக்குத் தோன்றவில்லை. கட்டுரையாளரிடம் கேட்டோம். முதலில் கொஞ்சம் வருத்தப்பட்டார். அப்புறம் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு ஆவணங்களை மறுபடி புரட்டினார். விற்பனை என்று அவர் எண்ணியிருந்தவற்றில் பல, கடனுக்கு ஈடாகப் போனவை. அந்த ஒரு வரி இரண்டு பத்தியாக விரிந்தது. கட்டுரையின் முடிவுரையையே அவர் மாற்றி எழுதினார்.

அன்றிலிருந்து "-ப்பட்டது" என்று முடியும் வாக்கியத்தைப் பார்த்தாலே நின்றுவிடுகிறேன். செய்தவர் யாரென்று தெரியாமல் எழுதியதா, தெரிந்தும் விட்டதா என்று கேட்கிறேன். துறைக்குள் இருப்பவர்களுக்கு இந்த மொழி பழகிவிட்டது, அதனால் ஓட்டை கண்ணில் படுவதில்லை. வெளியிலிருந்து வருபவர் சட்டென்று பிடித்துவிடுகிறார்.

துறைக்கு வெளியே இருப்பவரையும் மனதில் வைத்து இதழ் நடத்துவது புது வழக்கமும் இல்லை. 1665-இல் ஹென்றி ஓல்டன்பர்க் லண்டனில் 'பிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்' என்ற அறிவியல் இதழைத் தொடங்கியபோது, கற்றவர்களின் மொழி லத்தீன். அவர் இதழைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் செயலாளராக இருந்தும் சொந்தப் பொறுப்பில்தான் நடத்தினார். சொசைட்டி அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1752-இல்தான்.

பணம் பற்றியும் கேட்கிறார்கள். எழுதுபவரிடமும் வாங்குவதில்லை, படிப்பவரிடமும் வாங்குவதில்லை. இதழ் நடத்த 'ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இப்படி இரு பக்கமும் கட்டணம் வாங்காத இதழ்கள் உலகில் 17,000 முதல் 29,000 வரை இருக்கலாம் என்று 2021-இல் வந்த ஓர் அறிக்கை மதிப்பிட்டது. பெரும்பாலானவை சம்பளமில்லாத உழைப்பில் ஓடுபவை. மதிப்பாய்வுக்குப் பத்துப் பேரிடம் கேட்டால் இரண்டு பேர் சரி என்கிறார்கள். அந்த இரண்டு பேரின் ராத்திரிகளில்தான் எங்கள் இதழ் நிற்கிறது.

என்னை உண்மையில் தூங்கவிடாத கவலை வேறு. 2000-க்கும் 2019-க்கும் இடையில் 176 திறந்த அணுக்க இதழ்கள் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை) இணையத்திலிருந்தே காணாமல் போனதாக ஓர் ஆய்வு கண்டறிந்தது. இதழின் இணைய முகவரியான டொமைனைப் புதுப்பிக்க ஆள் இல்லாமல் போனால் போதும், எத்தனையோ வருட உழைப்பு போய்விடும். கட்டுரைக்குத் தரப்படும் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த எண் முகவரியைத்தான் காட்டும். அங்கே வீடு இருக்கிறதா என்பதற்கு அது பொறுப்பில்லை. அதனால் ஒவ்வொரு கட்டுரைக்கும் வேறு வேறு நிறுவனங்களின் காப்பகங்களில் பிரதி வைக்கிறோம். சலிப்பான வேலைதான். ஆனால் ஒருவர் தன் பத்து வருடத் தேடலை நம்பி நம் கையில் கொடுத்திருக்கும்போது, அதைச் செய்யாமல் எப்படி இருப்பது?

அடுத்த இதழுக்கு மூன்று கட்டுரைகள் மதிப்பாய்வு முடிந்து வந்திருக்கின்றன. துறைசாராத முதல் வாசகர்கள் வேண்டும். பட்டம், முன்னனுபவம் எதுவும் தேவையில்லை. புரியாத இடத்தில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் உங்கள் கேள்வியை எழுதினால் போதும். விருப்பமிருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், இன்றே அனுப்பிவைக்கிறேன்.