பெரா ஒருநாள், ஆட்டிசம் மார்க்கு ஒருநாள், கையெழுத்து இன்னொருநாள்

பேர் சொல்லிக் கூப்பிட்டாப் பிள்ள திரும்பலன்னு அங்கன்வாடியிலயே ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துருதாங்க. அதுவரைக்கும் நல்லாத்தான் நடக்கு. அதுக்குப் பொறவுதான் வயித்தெரிச்சல்.

ஆட்டிசமான்னு பாக்க முன்னாடி காது கேக்குதான்னு பாக்கணும். அதுக்குத்தான் பெரா டெஸ்ட், காதுல விழுத சத்தம் நரம்பு வழியா மூளைக்குப் போகுதான்னு மெஷின்ல பாக்குதது. முறை சரிதான், குத்தம் சொல்லல. ஆனா பிள்ள அசையாமத் தூங்கினாத்தான் அத எடுக்க முடியும். முந்துன ராத்திரி லேட்டாப் படுக்க வச்சு, விடியுமுன்ன எழுப்பி, வழியில தூங்க விடாமக் கூட்டிட்டு வாங்கன்னு சீட்டுல ஒரு வரி எழுதினா கையா தேஞ்சிரும்? திசையன்விளையிலருந்து பஸ்ல தூங்கிக்கிட்டே வந்த பிள்ள, மருந்து கொடுத்தும் மெஷின் முன்னால கொட்டக் கொட்ட முழிக்கும். "அடுத்த வாரம் வாங்கம்மா." முக்கூடல்ல பீடி சுத்துத அம்மைக்கு அது ஒருநாள் கூலிவே!

அடுத்து ஐ.எஸ்.ஏ.ஏ., ஆட்டிசம் இருக்கா, எவ்வளவு இருக்குன்னு அளக்குத நம்ம நாட்டு அளவுகோல். 40 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 1லருந்து 5 மார்க். கூட்டுனா 70க்குக் கீழ வந்தா ஆட்டிசம் இல்ல. பிள்ளையோட உக்காந்து வெளையாடிப் பாத்துப் போடுத மார்க்கு இது. வரிசையில அம்பது பேர நிப்பாட்டிட்டுப் போட முடியுமா? புது எடத்துல பிள்ள அழுதா அன்னைக்கும் அவ்வளவுதான். அதனால சாப்பிடுதது, வெளையாடுதது, கூப்பிட்டாத் திரும்பாதது எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு நிமிசம் போன்ல எடுத்துட்டுப் போங்க. பிறந்தப்போ அழுதுச்சா, மஞ்சக்காமாலை இருந்துச்சான்னு கேப்பாங்க. பிரசவ டிஸ்சார்ஜ் சீட்ட மறந்தா அதுக்கும் ஒரு நடை.

ஒரு எடத்துல கவனம் நிக்காம, அளவுக்கு மீறித் துறுதுறுன்னு இருக்குத ஏ.டி.எச்.டி கதை இன்னும் மோசம். 12 வயசுக்குள்ளயே தொடங்கியிருக்கணும், 6 மாசமாவது நீடிச்சிருக்கணும், வீட்டுலயும் பள்ளிக்கூடத்துலயும் தெரியணும். அப்போ டீச்சர் கைப்பட எழுதின தாள் வேணும்லா? அத முதல் நாளே சொல்லாம, மூணாவது தடவ போகும்போது கேக்காங்க. டீச்சரக் கேட்டா, "நல்லா ரெண்டு போடுங்க, சேட்டை அடங்கிரும்." 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகைக் குறைபாடு இருக்கு; ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, இது கிடையாது. சான்றிதழ் இல்லாத நோய்க்கு எவன் அவசரப்படுவான்?

இவ்வளவு அலைச்சலுக்கும் மேல ஒரு பேச்சு: "ரிப்போர்ட் வரட்டும், பேச்சுப் பயிற்சி பொறவு பாத்துக்கிடலாம்." பேச்சு வரலங்கது கண்ணுக்கு முன்னால தெரியுது, பயிற்சி தொடங்க ஆட்டிசம்னு பேர் வச்சாகணும்னு அவசியமே இல்ல. ரெண்டரை வயசுல தொடங்க வேண்டியத நாலு வயசுக்குத் தள்ளுதாங்க. அப்படிச் சொன்னா, ரிப்போர்ட் இல்லாமத் தர மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கன்னு அங்கனயே நின்னு கேளுங்க.