‘அழும் சிறுவன்’ படத்துக்குச் சாபம் இல்லை

“அழும் சிறுவன் அச்சுப்படம் மாட்டிய வீடு தீப்பிடிக்கும், ஓவியர் வளர்த்த அனாதைச் சிறுவனின் சாபம்” என்ற செய்தி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த் பகுதிக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது பொய்.

வரைந்தவர் புருனோ அமாடியோ. ஜியோவானி பிராகோலின் என்று கையெழுத்திட்ட இத்தாலியர். 1981இல் இறந்துவிட்டார். அவர் ஒரு சிறுவனைத் தத்தெடுத்தார், அவனால் ஓவியக்கூடம் எரிந்தது என்பதெல்லாம் பிறகு ஒட்டவைத்த கதை, ஆதாரமே கிடையாது. பாவம், மறுத்துப் பேச அவரும் இல்லை.

சாபப் பேச்சைக் கிளப்பியது பிரிட்டனின் ‘தி சன்’ நாளிதழ், 1985 செப்டம்பர் 4 அன்று, எரிந்த வீடுகளில் இந்தப் படம் மட்டும் கருகாமல் தப்பியது என்று எழுதி. பழைய நாளிதழ்த் தொகுப்புள்ள நூலகங்களில் சரிபார்க்கலாம். அந்தத் தீவிபத்துகளுக்குத் தீயணைப்புத் துறையினர் சொன்ன காரணங்கள் சிகரெட்டும் எண்ணெய்ச் சட்டியும் மின்கோளாறும்தான். படம் தப்பியதோ, எளிதில் பற்றாத அழுத்தப்பலகையில் அச்சிட்டதால்.

பாட்டி மாட்டிய படத்தைக் கழற்ற வேண்டாம். செய்தியை மட்டும் மேலும் அனுப்பாதீர்கள்.