புதுத் தலைப்பு போடும் விசை

ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்தியில், குறிப்புகளைத் தலைப்பு தலைப்பாக எழுத உதவும் ஆர்க் மோடு வைத்து எழுதுகிறவர்களுக்கு, புதுத் தலைப்பு போடும் ஆல்ட்-என்டர் விசையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

வரித் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரமும் ஓர் இடைவெளியும் போட்டால் அது தலைப்பு. இரண்டு நட்சத்திரம் என்றால் துணைத்தலைப்பு. டேப் அடித்தால் கீழே உள்ளது மடங்கும், மறுபடி அடித்தால் விரியும். ஆர்க் மோடு 2003-ல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் உருவாக்கியது. இது இல்லாமல் எனக்கு ஒரு நாள்கூட ஓடாது. அதனால்தான் இந்தக் குறையை இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

தாத்தா பேசியதைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ‘1964 புயல்’ என்று தலைப்பு, கீழே நான்கு பத்தி. கர்சர் தலைப்பு வரியின் கடைசியில் நின்றது. அடுத்து ‘பாட்டியின் கல்யாணம்’ எழுதலாம் என்று ஆல்ட்டும் என்டரும் அடித்தேன். புதுத் தலைப்பு புயலுக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. நான்கு பத்தியும் கல்யாணத்தின் கீழ் போய்விட்டன. உடனே எல்லாவற்றையும் மடித்துவிட்டதால் கண்ணில் படவில்லை. இரண்டு வாரம் கழித்துத் திறந்தால், புயல் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரிகூட இல்லை. தாத்தா சொன்னது தொலைந்தே போய்விட்டது என்று நினைத்துப் பதறிவிட்டேன்.

அதே தலைப்பு மடங்கியிருந்து, கர்சர் அதன் கடைசியில் தெரியும் மூன்று புள்ளிக்குப் பின்னால் நின்றிருந்தால்? புதுத் தலைப்பு நான்கு பத்தியையும் தாண்டிப் போய்ச் சரியாக விழுந்திருக்கும். அதே விசை, கர்சரும் தலைப்பு வரியின் கடைசியில்தான்; மடித்திருக்கிறோமா விரித்திருக்கிறோமா என்பதைப் பொறுத்து பலன் மாறுகிறது. கர்சர் தலைப்பின் நடுவில் இருந்தாலோ தலைப்பே இரண்டாக உடையும். பத்திக்குள் அடித்தால் வரியின் மீதி தலைப்பாகிவிடும்.

நீளமாகக் கொட்டிவிட்டு அப்புறம் துண்டு போடுகிறவர்களுக்கு இது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் புதுத் தலைப்பு கேட்கிறவர் பெரும்பாலும் அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்க்கிறார். எழுதி முடித்ததை உடைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.

கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அடித்தால் இந்தத் தொல்லை இல்லை, உள்ளடக்கம் முடிந்த இடத்தில்தான் தலைப்பு வரும். ஆனால் ஈமாக்ஸை டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில் ஓட்டினால், பல டெர்மினல்களில் அது வெறும் என்டராகத்தான் போய்ச் சேரும். அதனால் நான் ஆல்ட்-என்டரையே மாற்றிவிட்டேன். உள்ளடக்கம் முடிந்த பிறகே தலைப்பு போடும் ‘ஆர்க்-இன்சர்ட்-ஹெடிங்-ரெஸ்பெக்ட்-கன்டென்ட்’ என்ற அமைப்பை இயக்கினேன், வரியை உடைக்க விடும் ‘ஆர்க்-எம்-ரெட்-மே-ஸ்ப்ளிட்-லைன்’ என்பதை அணைத்தேன். இரண்டும் முதலில் இதற்கு நேர்மாறாகத்தான் இருக்கும்.

உள்ளடக்கத்தை மதிப்பது என்று பெயர் வைத்துவிட்டு, அதை அணைத்தே கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மதிப்பதுதான் இயல்பாக இருக்க வேண்டும், உடைக்க விரும்புகிறவர் மாற்றிக்கொள்ளட்டும். புதிதாக வருகிறவருக்கு இப்படி ஓர் அமைப்பு இருப்பதே தெரியாது. நீங்கள் யாருக்காவது ஆர்க் மோடு சொல்லிக்கொடுத்தால், முதல் நாளே இந்த இரண்டு மாற்றத்தையும் அவர்களுடைய ஈமாக்ஸ் அமைப்புக் கோப்பில் போட்டுக் கொடுங்கள்.