பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீர்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோதான். ஆக, 2013, 14-இல் ஆசையாக வாங்கிய ஐ3 மெஷினெல்லாம் ஒரே நாளில் "பழசு". "புதுசா வாங்கிடுங்க சார்" என்கிறார் கடைக்காரர். வேண்டவே வேண்டாம் என்கிறேன் நான். நன்றாக ஓடுகிற பொருளைக் குப்பையாக்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். அதில் பல வகை உண்டு, எதைப் போடுவது என்று வாரக்கணக்கில் தேடாதீர்கள். லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. 2 ஜிபி ராமிலேயே ஓடும், 4 இருந்தால் நிம்மதி. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

முதலில் எதையும் அழிக்காதீர்கள். மின்டின் ஐஎஸ்ஓ ஃபைலை (இன்ஸ்டால் செய்வதற்கான முழு நகல்) டவுன்லோட் செய்து, எட்சர் என்ற மென்பொருளை வைத்து 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஃப்12 (ஹெச்பியில் பெரும்பாலும் எஃப்9) தட்டி, பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள், அதாவது கம்ப்யூட்டரை அதிலிருந்து தொடங்க வையுங்கள். ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே முழு டெஸ்க்டாப்பும் வந்து நிற்கும். வைஃபை பிடிக்கிறதா, யூடியூபில் சத்தம் வருகிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்று பாருங்கள். கேனன் எல்பிபி2900 பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அதன் டிரைவர் லினக்ஸில் ரொம்பப் படுத்தும். பென்டிரைவில் ஓடும்போது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், அதை வைத்து எடை போட வேண்டாம்.

உண்மையில் பழைய மெஷினை இழுத்துப் பிடிப்பது சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுற்றும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க்) மாட்டுங்கள். ராமை விழுங்குவது பிரவுசர். 4 ஜிபியில் இருபது டேப் திறந்தால் எந்த லினக்ஸும் திணறும்.

தமிழ் டைப்பிங் பற்றிப் பயமே வேண்டாம். ஐபஸ், எம்17என் என்ற டைப்பிங் மென்பொருள்கள் இரண்டையும் போட்டால் தமிழ்99, ஃபொனடிக் விசைப்பலகை முறைகள் எல்லாம் வந்துவிடும்.

டேலியில் கணக்கு எழுதுபவர்கள் மட்டும் விண்டோஸை அழிக்க வேண்டாம், டேலி நேரடியாக லினக்ஸில் ஓடாது. ஃபோட்டோ, ஆவணங்களை வெளியே ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸுக்குப் பக்கத்திலேயே போடுகிற வசதியைத் தேர்ந்தெடுங்கள். பேங்க், மெயில், பிரவுசிங் எல்லாம் மின்டில். விண்டோஸ் பக்கம் போனால் நெட்டைத் துண்டித்துவிட்டு டேலி மட்டும்.